எங்க நோகுது மகள்?

 

இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு, பிள்ளைப்பேற்று நோவும் பெற்றவளின் ஆறுதலும். இதெல்லாம் மேடை போட்டுப் பேசுகிற விஷயமா என்று ஊரில் சிலர் கேட்டிருப்பார்கள். மேடையில் பேசாததால்தான் இந்த விஷயம் இவ்வளவு காலமும் பிரசவ அறைக் கதவுக்கு உள்ளேயே கிடந்தது. நான் அந்தக் கதவுக்கு உள்ளே நீண்ட காலம் தாதியாக நின்றவள். சொல்ல வந்தது ஒன்றுதான். பிள்ளை பெறுகிறவளின் நோவைத் தணிப்பது நாம் அவளுக்குக் காட்டும் தயவு இல்லை, நம்முடைய கடமை. அந்தக் கடமையில் பாதி மருந்தால் நிறைவேறும். மீதிப் பாதி, அவள் பக்கத்தில் நின்று "எங்க நோகுது மகள்?" என்று கேட்பதால் நிறைவேறும்.

முதலில் நாம் பெருமைப்பட வேண்டியதைச் சொல்கிறேன். 1940களில் நம் இலங்கையில் ஒரு லட்சம் பிள்ளைகள் உயிரோடு பிறந்தால் 1,500 அளவில் தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை முப்பதை ஒட்டி நிற்கிறது. எப்படி இறங்கியது? 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை வந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்து கிளை விட்டுக் கிளை விட்டு, இன்று நம் ஒழுங்கைக்குள் வந்து நிற்கும் குடும்ப நல உத்தியோகத்தர் வரைக்கும் ஒரு பெரிய சேவை வளர்ந்தது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் வைத்தியசாலையிலேயே நடக்கிறது. நமக்கும் கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது, வடக்கு ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அவசரம் என்றால் நாற்பது கிலோமீற்றர் தூரத்தில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

உயிரைக் காத்தோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நோவைக் கேட்டோமா? தாயும் பிள்ளையும் சுகம் என்று போனில் சொல்லிவிட்டால் கதை முடிந்ததா? சுகம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அடியில் அந்தத் தாய் எதையெல்லாம் விழுங்கினாள் என்று யாராவது கேட்டோமா?

ஓர் இரவு. எந்த வைத்தியசாலை என்பது இங்கே முக்கியமில்லை. கடைசிக் கட்டிலில் ஒரு முதற்பிள்ளைக்காரி. சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். முக்காட்டின் ஓரத்தைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். இடது கை கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. நெற்றியில் வேர்வை வழிந்து காதுக்குள் இறங்குகிறது, துடைக்க ஆள் இல்லை. துணியை எடுத்துவிட்டு, "ஏன் மகள் இப்பிடிச் செய்றீங்க?" என்று கேட்டேன். "உம்மா சொன்ன, சத்தம் வெளிய கேக்கப்படாதாம். ஆம்புளயள் நிப்பாங்களாம்" என்றாள். அந்த உம்மா எங்கே? வாசல் வாங்கில். மடியில் உடுப்புப் பை, பக்கத்தில் இஞ்சி போட்ட பிளேன்டீ பிளாஸ்க், வாயில் திக்ரு. மகளுக்கு ஆள் வேண்டும், உம்மாவுக்கு மகள் வேண்டும், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு.

அன்பானவர்களே, நம்முடைய இந்தக் கிழக்குக் கரையின் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கு வீடு கொடுக்கிறோம். உம்மா பக்கத்து வளவில், ராத்தா எதிர் வீட்டில், சாச்சி வேலிக்கு அப்பால். சோறு ஆக்க, தலை வார, பிள்ளை தூக்க என்று எப்போதும் நாலு பெண்கள் சுற்றி இருக்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ பெண்களுக்குக் கிடைக்காத பாக்கியம் இது. இந்தப் பாக்கியம் எந்த இடத்தில் அறுந்து போகிறது? அவளுக்கு அது மிக மிகத் தேவைப்படுகிற அந்தச் சில மணித்தியாலங்களில், பிரசவ அறை வாசலில் அறுந்து போகிறது.

இன்னொரு பக்கம், "பொறுத்துக்க மகள், நாங்களும் இப்பிடித்தானே பெத்த" என்கிறோம். பொறுமைக்குக் கூலி உண்டு என்கிறோம். உண்டு, சந்தேகமே இல்லை. பிள்ளைப்பேற்றில் மரணிக்கும் பெண் ஷஹீத்களோடு சேர்க்கப்படுவாள் என்று ஹதீஸ் இருக்கிறது. ஆனால் கூலி இருக்கிறது என்பதற்காக இரத்தப் போக்கை நிறுத்தாமல் விடுவோமா? காய்ச்சலைப் பொறுப்பதற்கும் கூலி உண்டு, அதற்காகப் பனடோல் போடாமல் இருக்கிறோமா? நோய்க்கு மருந்தைத் தேடச் சொன்ன மார்க்கம் இது.

ஸூரா மர்யமை நினைத்துப் பாருங்கள். தஃப்ஸீர் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள், நான் ஒரு தாதியின் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பேறு நோவு மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு வருகிறது. அந்த நோவில் அவர்கள், இதற்கு முன்னமே செத்துப் போயிருக்கலாமே என்கிறார்கள். அல்லாஹ் தேர்ந்தெடுத்த பெண்ணின் வாயிலிருந்து வந்த சொல் அது. அந்தச் சொல்லுக்காக அவர்களுக்கு ஏச்சு விழுந்ததா? இல்லை. கவலைப்படாதே என்று ஆறுதல் வந்தது. காலடியில் குடிக்கத் தண்ணீர் வந்தது. பிடித்து அசைக்க ஒரு மரம் இருந்தது. தின்னப் பழுத்த பேரீச்சம்பழம் விழுந்தது. ஆறுதலான குரல், தண்ணீர், பிடிக்க ஒரு பிடி, தின்ன ஓர் உணவு. பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு முதலில் என்ன கொடுக்க வேண்டும் என்று இன்று யாராவது என்னிடம் கேட்டால், இதே நான்கைத்தான் சொல்வேன்.

இனி நோவு எப்படி வருகிறது என்று பார்ப்போம். தெரிந்த நோவுக்குப் பயம் குறைவு. கருப்பை சுருங்கும்போதும் கருப்பை வாய் திறக்கும்போதும் வயிற்றிலும் முதுகிலும் இடுப்பிலும் நோவு பிடிக்கிறது. கருப்பை வாய் பத்து சென்ரிமீற்றர் திறக்க வேண்டும். ஐந்துக்குப் பிறகு வேகம் எடுக்கும். அதன் பிறகும் முதற்பிள்ளைக்காரிக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரை போகலாம், முந்திப் பெற்றவளுக்குப் பத்து. பயந்தால் என்ன நடக்கும்? உடம்பு இறுகும். இறுகினால் நோவு கூடும். நோவு கூடினால் பயம் கூடும். இந்தச் சங்கிலியை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

நம் கடற்கரையில் தோணி தள்ளுகிறவர்களைப் பாருங்கள். அலை எழும்பி வரும்போது தலையைக் கொடுக்க மாட்டார்கள். உச்சி போகும் வரை பிடித்து நிற்பார்கள். அலை உடைந்து தணிகிற நேரத்தில் மூச்செடுத்து அடுத்ததற்குத் தயாராவார்கள். பேறு நோவும் அப்படித்தான் எழும்பி, உச்சிக்குப் போய், தணிகிறது. தணிகிற அந்த இடைவெளி பெண்ணுக்குச் சொந்தமானது. இதை ஒன்பது மாதத்தில் கிளினிக்கில் ஒருவர் இருந்து சொல்லிக் கொடுத்தால், அந்த இரவில் அவள் மூழ்கிப் போக மாட்டாள்.

சரி, தணிக்க என்ன வழி இருக்கிறது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் வழி துணை. காசு செலவில்லாத வழி. 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2017இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பக்கத்தில் தொடர்ந்து ஓர் ஆள் இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, நோவு நேரம் சுருங்கியது, நோவு மருந்தின் தேவையும் குறைந்தது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம், பெண் தான் விரும்பும் ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்ள விட வேண்டும் என்று சொன்னது. எங்கள் பிரசவ அறைகளில் கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு இல்லை, ஆண் துணை வந்தால் மற்றப் பெண்களுக்கு மானக்கேடு என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் உம்மா வரட்டும், ராத்தா வரட்டும், மாமி வரட்டும். நல்ல திரைச்சீலை ஒன்று கட்ட எவ்வளவு செலவாகும்?

இரண்டாவது வழி அசைவு. மல்லாந்து படுத்துக் கிடக்கும்போது நோவு கூடத் தெரியும். எழும்பி நடக்கலாம், இடப் பக்கம் ஒருக்களித்துக் கிடக்கலாம், கட்டிலைப் பிடித்துக் குனிந்து நிற்கலாம். இடுப்பின் அடியில் உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கலாம். சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியை வைக்கலாம். பிள்ளை வெளியே வரும் நேரத்தில் கீழே வைக்கும் இளஞ்சூட்டுத் துணி, ஆழமாகக் கிழிவதைக் குறைக்கிறது.

மூன்றாவது, வாயு. என்டோனொக்ஸ் என்று சொல்வார்கள். பாதி ஒட்சிசன், பாதி நைட்ரஸ் ஒக்சைட். முகமூடியைப் பெண்ணே தன் கையால் பிடித்துக்கொள்வாள். நோவு தொடங்கும்போதே மூச்சு இழுக்க வேண்டும், உச்சிக்கு வந்த பிறகு இழுத்தால் பிந்திவிடும். விட்டவுடன் சில நிமிஷத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். தலை கொஞ்சம் சுற்றலாம், குமட்டலாம். நோவை முழுதாக எடுக்காது, ஆனால் அதன் கூர் மழுங்கும்.

நான்காவது, பெதடீன் ஊசி. நோவைத் தணிக்கும், கண் சொக்க வைக்கும். பிள்ளை பிறக்கக் கிட்டிய நேரத்தில் போட்டால் பிள்ளையும் சோம்பலாகப் பிறக்கும், மூச்சுக்குச் சிரமப்படலாம். அதனால்தான் நேரம் பார்த்துப் போடுகிறார்கள். தாதி "இப்ப போடேலாது" என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது தாதியின் கடமை.

ஐந்தாவது, எபிடியூரல். முதுகெலும்பின் நரம்பு உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்துவது. எல்லாவற்றிலும் கூடிய ஆறுதல் தருவது இதுதான். "முதுகில ஊசி போட்டா வாழ்நாள் முழுக்க முதுகு நோகும்" என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சிசேரியன் கூடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. பிரஷர் இறங்கலாம், நூற்றில் ஒருவர் அளவில் சில நாளைக்குத் தலையிடி வரலாம். ஆனால் இதற்கு மயக்க மருந்து நிபுணர் வேண்டும், பிரஷரும் பிள்ளையின் இதயத் துடிப்பும் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். நம் அரசாங்க வைத்தியசாலைகளில் இது பரவலாக இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் சத்திரசிகிச்சைக்கே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மை. அந்த உண்மைக்காக நாம் கேட்காமல் இருக்கலாமா?

கேட்டால்தான் வரும் என்பதற்கு வரலாறே சாட்சி. 1847ஆம் ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற வைத்தியர் பிரசவ நோவுக்குக் குளோரஃபோம் கொடுத்தார். நோவு கடவுள் விதித்தது, அதில் கை வைக்கலாமா என்று அங்கேயும் சிலர் எதிர்த்தார்கள். 1853இல் விக்டோரியா மகாராணியே தன் பிரசவத்தில் அதைக் கேட்டு வாங்கினார். அதன் பிறகு எதிர்ப்பு மெல்ல அடங்கியது. அதே 1847இல்தான் நம் நாட்டுக்கு, யாழ்ப்பாணத்துக்கு, சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் வந்தார். தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். 1857இல் பிரசவ வைத்தியம் பற்றிய நூலைத் தமிழில் கொண்டுவந்தார். மகாராணிக்குக் கிடைத்த ஆறுதல் நம் மருதமுனைப் பெண்ணுக்குக் கிடைக்க இன்னும் எத்தனை காலம் வேண்டும்?

இனி நாற்பதுக்கு வருவோம்.

நாற்பது நாள் பெற்றவளைக் கட்டிக்காக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நம்முடைய ஷாஃபி மத்ஹபில் நிஃபாஸ் என்னும் பேற்றுத் தீட்டு பெரும்பாலும் நாற்பது நாள், கூடினால் அறுபது நாள். அந்த நாட்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. அல்லாஹ்வே ஓய்வு கொடுத்திருக்கிறான். வைத்தியமும் ஆறு வாரம், அதாவது நாற்பத்திரண்டு நாள் என்கிறது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

மூத்தம்மா அம்மியில் சரக்கு அரைக்கிற காட்சி உங்களுக்குத் தெரியும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, இஞ்சி. பால்சுறா வறை, முருங்கையிலைச் சொதி. இதெல்லாம் நல்ல சாப்பாடு, விடாதீர்கள். இலை அவித்த சுடுதண்ணீர்க் குளிப்பு உடம்பு அலுப்புக்கு இதம், விடாதீர்கள். சில வீடுகளில் மட்டும் தண்ணீர் குடிக்க விடுவதில்லை, வயிறு ஊதும் என்று. பாலூட்டுகிறவளுக்குத் தண்ணீரை மறுக்கலாமா? மர்யம் அவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் கிடைத்ததே! சிசேரியன் செய்தவளை அசையாமல் படுக்க வைக்கிறார்கள். காலில் இரத்தம் கட்டும். இன்று நாட்டில் எத்தனையோ தாய்மாருக்கு சிசேரியன். முதல் நாளே எழும்பி மெல்ல நடக்க வேண்டும், இருமும்போது காயத்தில் தலையணையை அணைத்துப் பிடிக்க வேண்டும், ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது.

பெற்ற பிறகும் நோவு இருக்கிறது என்பதை யார் கேட்கிறார்கள்? பிள்ளை பால் குடிக்கும்போது கருப்பை சுருங்கி வயிறு பிடிக்கும். இரண்டாம், மூன்றாம் பிள்ளைக்கு அது இன்னும் கூட. கீழே போட்ட தையல் இருக்கவிடாது. பால் கட்டி மார்பு கல்லாகும். எல்லாப் பேச்சும் பிள்ளையைச் சுற்றி. பெற்றவள் ஒரு பக்கம் இருந்தபடி, ஒரு தொடையை ஊன்றி நோவை மறைக்கிறாள். பனடோல் என்று நாம் சொல்லும் பரசிட்டமோலும் ஐபுபுரோபனும் வைத்தியர் சொன்ன அளவில் எடுத்தால் பாலூட்டும் தாய்க்குப் பாதுகாப்பு. தையலுக்கு முதல் நாளில் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். நோவு தணிந்தால்தான் நிமிர்ந்து இருந்து பால் கொடுப்பாள், நோவு தணிந்தால்தான் நித்திரை கொள்வாள்.

இன்னொரு நோவு இருக்கிறது. அதற்குத் தையலும் இல்லை, காயமும் இல்லை. மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும். பலருக்கு இரண்டு கிழமைக்குள் போய்விடும். போகாமல் நின்றால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லை என்றால், நித்திரை இல்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினால், அது நோய். பெற்றவர்களில் நூற்றில் பதின்மூன்று பேருக்கு இப்படி வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் கண்ணூறு என்று சொல்லி நூல் கட்டி மட்டும் விடாதீர்கள். ஓதுங்கள், துஆக் கேளுங்கள், அதோடு வைத்தியரிடமும் கூட்டிப் போங்கள். மருந்து இருக்கிறது. பேசிக் குணப்படுத்தவும் ஆள் இருக்கிறது.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறம் யாரைப் போல, பால் காணுதா, ஏன் சிசேரியன், ஏன் மெலிந்து போனீங்க. இத்தனை கேள்விக்கும் பச்சை உடம்புக்காரி பதில் சொல்ல வேண்டுமா? பிள்ளை பெற்ற மர்யம் அவர்களுக்கு, இன்று எந்த மனிதரோடும் பேச மாட்டேன் என்று சொல்லிவிடு என்றல்லவா சொல்லப்பட்டது! பெற்றவளை ஊரின் விசாரணையிலிருந்து காப்பது நமக்குக் கிடைத்த பாடம் இல்லையா?

இந்த அடையாளங்களை எல்லோரும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் பேட் நனைகிற இரத்தம். காய்ச்சலும் குளிரும், கெட்ட வாடையும். கண் மங்குகிற கடும் தலையிடி. ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு முட்டுவது. காயம் சிவந்து சீழ் வருவது. தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவேன் என்ற எண்ணம். இதில் ஒன்று வந்தாலும் நாற்பது முடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நிமிஷமே வைத்தியசாலை.

ஆண்களே, உங்களுக்கும் சொல்கிறேன். அரசாங்க ஊழியரான தகப்பனுக்கு மூன்று நாள் லீவு. மூன்று நாளில் எந்தத் தையல் ஆறும்? கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற தம்பிமார் பக்கத்திலேயே இல்லை. ஆனால் போன் இருக்கிறது. பிள்ளையின் படத்தைக் கேட்பதற்கு முன்னால், "உங்களுக்கு எங்க நோகுது? ராத்திரி நித்திரை கொண்டீங்களா? மருந்து குடிச்சீங்களா?" என்று கேளுங்கள். ஊரில் இருக்கிறவர்கள் இரவில் பிள்ளையைத் தோளில் போட்டு ஒரு மணித்தியாலம் நடந்தால், அந்த ஒரு மணித்தியாலம் அவளுக்கு மருந்து.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து இந்தக் கரையில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோன ஊர் மக்கள் நாம். வீட்டையும் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திரும்பக் கட்டியவர்கள். பிரசவ அறையில் ஒரு திரைச்சீலையும் ஒரு கதிரையும் போட நம்மால் முடியாதா? முடியும். ஆகவே கேட்கிறேன்.

கர்ப்பிணித் தாய்மாரே, அடுத்த கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள். எனக்கு நோவு தணிக்க இங்கே என்ன இருக்கிறது, யாரைத் துணைக்குக் கூட்டி வரலாம் என்று கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கும் பெரியோர்களே, அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாக இதை வையுங்கள். மறைப்பு வேண்டும், துணைக்கு அனுமதி வேண்டும், வாயு இல்லாத இடத்தில் வாயு வேண்டும், அதற்கான பணத்தில் ஊர் ஒரு பங்கைப் போட வேண்டும். தாதிமாரே, என் தங்கைகளே, உங்கள் கையில் நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நோவில் கத்துகிறவளை ஏசாதீர்கள். உலமாக்களே, ஒரு ஜும்ஆவில் இதைப் பேசுங்கள். நோவைச் சொல்வது பொறுமைக்கு மாறானதில்லை என்று உங்கள் வாயால் சொன்னால், நூறு தாதிகள் சொல்வதை விட அது வீடுகளுக்குள் போகும்.

இன்று இந்த மண்டபத்தை விட்டுப் போகும்போது, உங்கள் தெருவில் நாற்பதுக்குள் இருக்கும் ஒரு தாய் யார் என்று நினைத்துப் பாருங்கள். நாளைக்குக் காலையிலேயே அங்கே போங்கள். பிள்ளையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அவளைப் பார்த்து, அவள் சொல்வதை முடியும் வரை கேட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வாருங்கள். வல்ல அல்லாஹ் நம் தாய்மார் எல்லோருக்கும் ஆஃபியத்தையும் ஆறுதலையும் தருவானாக.